வடிகஞ்சியும் எலுமிச்சைப் புதினாவும்

பிடுங்கி எறிந்த இடத்திலும் வேர்விட்டு நிற்கிற செடியைக் கொல்ல முடியுமா, சொல்லுங்கள்? முடியும். நான் செய்திருக்கிறேன். கொலை என்பது பெரிய வார்த்தைதான், ஆடா கோழியா, ஒரு புதினாச் செடி, அதுவும் முழுசாகச் சாகவில்லை, ஆனால் செத்துவிட்டது என்று இந்த வீட்டில் எல்லாரும் நம்பின ஐந்து மாதத்துக்குள் நடக்கக் கூடாததெல்லாம் நடந்து முடிந்துவிட்டது. எட்டு வருசமாகிறது. இப்போது அதே தொட்டி முன்னால் கிண்ணத்தோடு நிற்கிறேன். அடுப்பில் ஒரு பக்கம் டீக்குத் தண்ணீர், இன்னொரு பக்கம் சோறு. நாலு கொத்து கிள்ளிக்கொண்டு உள்ளே போக வேண்டும், அவ்வளவுதான் வேலை, இதற்கு இத்தனை நேரமா என்று என் கையே என்னைக் கேட்கிறது. முன்னறையில் அத்தை பேசுவது இங்கே வரை கேட்கிறது. என் மாமியாரைத்தான் அத்தை என்கிறேன். அவர் பக்கத்தில் பாயில் சாய்ந்து கிடக்கிறாள் முருகேஸ்வரி, அவருடைய மகள், என் வீட்டுக்காரருக்குத் தங்கை. விடியுமுன்னே உசிலம்பட்டியில் பஸ் ஏறி, வத்தலக்குண்டில் மாறி, மலைக்கு வருகிற ஒவ்வொரு வளைவிலும் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்து, பத்தேகால் பஸ்ஸில் வந்து இறங்கினாள். முகம் தோல் சீவின வெள்ளரிக்காய் மாதிரி இருக்கிறது. மூன்று மாதம். மூன்றாவது தடவை. முதல் இரண்டும் நிற்கவில்லை. முந்தாநாள் போனில், "மதினி, எது தின்னாலும் குமட்டுது, அப்பா செடி டீ ஒரு டம்ளர் கிடைச்சாப் போதும்னு இருக்கு" என்றாள். "வாடி வா, அண்டா நிறையப் போட்டு வைக்கிறேன், முங்கிக் குளி" என்றேன். சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரிப்பதில் நான் கெட்டிக்காரி. இந்தத் தெருவில் ஜெயக்கொடி என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது, சிரிச்ச மூஞ்சி மருமக என்று கேட்டால் கையைப் பிடித்துக் கொண்டுவந்து விடுவார்கள். துக்க வீட்டுக்குப் போனால் மட்டும் கன்னத்தை உள்ளே கடித்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்கிறது. அந்த முகத்தை வைத்துக்கொண்டுதான் எட்டு வருசம் ஓட்டிவிட்டேன். சிரிக்கிறவளை யார் சந்தேகப்படுவார்கள்.

இலை நன்றாகத்தான் இருக்கிறது. நுனி இலையெல்லாம் வெளிர்பச்சை, அடி இலை கரும்பச்சை, தண்டு கொஞ்சம் செம்மண் நிறம். சாதாரணப் புதினா மாதிரி மூக்கில் குத்தாது இது, விரலால் லேசாக நசுக்கினால் எலுமிச்சம்பழத் தோலை நகத்தால் கீறின மாதிரி ஒரு வாசம், கொஞ்ச நேரம் கழித்து அதன் அடியிலிருந்து புதினா வரும். மாமா கொண்டுவந்தது. என் மாமனார் ஒரு பங்களாத் தோட்டத்தில் வேலை பார்த்தவர், அங்கே கழித்துப் போட்ட ஒரு தண்டை ஈரப் பேப்பரில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்து எடுத்து வந்தாராம், வீட்டுக்கு வருவதற்குள் சட்டை முழுக்க எலுமிச்சை வாசமாம், எவளுக்கு ஜூஸ் பிழிஞ்சு குடுத்துட்டு வர்றீக என்று அத்தை கேட்டாராம், இதை அத்தையே சொல்லிச் சொல்லிச் சிரிப்பார், அப்போது மட்டும் அவர் முகம் வேறு ஆள் முகம். மாடு தண்ணீர் குடிக்கிற சிமெண்டுத் தொட்டி வெடித்துச் சும்மா கிடந்ததில் மண்ணும் காய்ந்த சாணமும் போட்டு வைத்தார். தரையில் வைக்கக் கூடாது, நிலத்துக்கு அடியிலேயே ஓடி அடுத்த செடியை எல்லாம் அமுக்கிவிடும், அடைத்துத்தான் வளர்க்க வேண்டும் என்பார். காலை வெயில் போதும், மத்தியான வெயில் பட்டால் இலை ஓரம் காயும். நுனியைக் கிள்ளிக்கொண்டே இருந்தால் பக்கத்தில் இரண்டாகக் கிளைக்கும். பூ விட்டால் வாசம் போய்விடும், மொட்டைப் பார்த்ததும் கிள்ளிவிட வேண்டும். டீயில் போடும்போது தண்ணீரை இறக்கி வைத்த பிறகு போட்டு மூட வேண்டும், இலையைக் கொதிக்கவிட்டால் கசந்துவிடும். இதெல்லாம் மாமா சொல்லிக் கொடுத்ததுதான். இரண்டு வருசம்தான் எனக்கு அவரைத் தெரியும். அவர் போன பிறகு அத்தைக்கு அது செடி இல்லை, அவரேதான். காலையில் எழுந்ததும் அதன் முகத்தில்தான் முழிப்பார். உங்க மாமாவுக்குத் தண்ணி ஊத்துனியா என்று ஒருநாள் வாய் தவறிக் கேட்டார், நான் சிரித்துவிட்டேன், அத்தை சிரிக்கவில்லை.

கிள்ளு. குனி, கிள்ளு. காலையிலிருந்து ஒரு கேள்வி காலில் முள்ளு மாதிரி ஏறி நிற்கிறது, எடுக்கவும் முடியவில்லை, மிதித்து நடக்கவும் முடியவில்லை. ஆறு மணிக்கு இலக்கியா குளியலறைக் கதவைத் துளியூண்டு திறந்து, அம்மா, இங்க வா, நீ மட்டும் வா என்றாள். பதினோரு வயசு. பள்ளிக்கூடத்தில் கழித்தல் கணக்கில் இன்னும் கடன் வாங்க மறக்கிற பிள்ளை. போனேன், பார்த்தேன், துணி கொடுத்தேன், எப்படி வைப்பது என்று காட்டினேன், பயப்படாதே, எல்லாருக்கும் வர்றதுதான் என்றேன். பயப்படவில்லை அவள். பேப்பரில் படம் வரைந்து டீச்சர் சொல்லிக் கொடுத்திருக்கிறாராம். பிறகு தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டாள். "அம்மா, நான் இனிமே தாத்தா செடிக்குத் தண்ணி ஊத்தலாமா, கூடாதா?" அவள்தான் தினமும் ஊற்றுகிறவள். தண்ணீர் பாட்டில் மூடியில் ஊசியால் ஓட்டை போட்டு, பூவாளி மாதிரி செய்து வைத்திருக்கிறாள், அவளாகச் செய்தது. நான் என்ன சொன்னேன்? சிரித்தேன். முதல்ல பல்லை விளக்கு என்றேன். அவளும் போய்ப் பல்லை விளக்கினாள். அத்தையிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் இன்றைக்கே ஆள் விடுவார், தாய்மாமன் முறைக்கு ஒருத்தன் வருவான், ஓலை கட்டுவார்கள், புட்டு அவிப்பார்கள், தெருவே வந்து என் பிள்ளையை ஏற இறங்கப் பார்க்கும். அது ஒருநாள் கூத்து, போகட்டும். அதற்குப் பிறகு மாசாமாசம் மூன்று நாள் பின்பக்க விறகுச் சாய்ப்பில் அவள் உட்கார வேண்டும், நான் உட்கார்ந்த அதே இடத்தில். அங்கே தனித் தட்டு, தனி டம்ளர், ஒரு கிழிந்த பாய். கறிவேப்பிலை, துளசி, புதினா மூன்றையும் தொடக் கூடாது, நிழல் படக் கூடாது, பட்டால் கருகிவிடும், இது அத்தையின் சட்டம். பாட்டிலை யாரிடம் கொடுப்பாள் என் பிள்ளை.

கருகாது. எனக்குத் தெரியும். கல்யாணமான இரண்டாம் வருசம், சாய்ப்பில் உட்கார்ந்திருந்த மூன்று நாளும் கையை நீட்டித் தொட்டியிலிருந்து நாளுக்கு ஒரு இலை கிள்ளினேன். வேண்டுமென்றேதான். எட்டினால் தொடுகிற தூரம். மோந்து பார்த்தேன், மென்றேன், காம்பை விறகுக்கு அடியில் போட்டேன். கிள்ளின இடத்தில் நாலாம் நாள் இரண்டு துளிர். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்பில் இலையைப் படம் வரைந்து பாகம் குறித்துப் பத்துக்குப் பத்து வாங்கினவள் நான், அதில் தீட்டு என்று ஒரு பாகமும் கிடையாது. செடிக்கு நாள் கிழமை தெரியாது. அன்றைக்கே, அத்தை, இங்க பாருங்க, தொட்டேன், துளிர்த்திருக்கு என்று சொல்லியிருந்தால்? சொல்லவில்லை. எனக்குள் வைத்துக்கொண்டு சிரித்தேன். பெரிய வெற்றி. ஒருத்திக்கு மட்டும் தெரிந்த உண்மையை வைத்துக்கொண்டு என்ன செய்ய, தாளிக்கவா.

சோறு பொங்குகிற சத்தம். மூடி தடதடவென்று ஆடுகிறது. இன்னும் இரண்டு கொதி வர வேண்டும், வடிக்க நேரம் இருக்கிறது. வடிக்க. வடிகஞ்சி. நான் அதை நினைக்கப் போவதில்லை என்று ஒவ்வொரு நாளும் சோறு வடிக்கும்போது நினைக்கிறேன். வடித்த கஞ்சியை ஆற வைத்துத் தண்ணீர் கலந்து செடிக்கு ஊற்றுவது எல்லா வீட்டிலும் உள்ளதுதான், புதினாவுக்கு அது நல்ல சாப்பாடு, மாமாவே ஊற்றுவார், விரலை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு. அன்றைக்கு நானும் கஞ்சிதான் ஊற்றினேன். ஆறியிருந்ததா? அதுதான். ஆறினதா ஆறவில்லையா என்று நான் பார்த்தேனா? அவசரம், பிள்ளைக்கு மூன்று வயசு, இடுப்பை விட்டு இறங்க மாட்டாள், குண்டானை எங்கேயாவது கொட்டினால் போதும் என்று கொட்டியிருப்பேன், மறதி, யாருக்கும் வருவதுதான். இப்படித்தான் முதல் ஒரு வருசம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்தக் குண்டானைப் பிடித்த துணி இன்னும் உள்ளங்கையில் இருக்கிறது. சுட்டது. ஆறின குண்டானை யார் துணி வைத்துப் பிடிப்பார்கள்?

அப்பா வந்துவிட்டுப் போயிருந்தார், அதனால்தான். இல்லை, அப்பா மேல் என்ன இருக்கிறது. அம்மா இல்லாத வீடு எங்களுடையது, நிலக்கோட்டைப் பக்கம், அப்பா ஒற்றை ஆளாக என்னை வளர்த்தார். நான் பெரியவளானபோது அவரே கடையில் கேட்டு வாங்கி, செய்தித்தாளில் சுற்றி, ஒன்றுமே பேசாமல் என் புத்தகப் பையில் வைத்துவிட்டுப் போனார். அன்றைக்கும் அவர் தட்டிலிருந்துதான் எனக்குச் சோறு. அப்படிப்பட்ட மனுசன் ஒரு பை நிலக்கடலையோடு மலையேறி வந்த அன்று எனக்கு இரண்டாம் நாள், சாய்ப்பில் இருந்தேன். முன்னறையில் அத்தை உபசாரம் பண்ணி இந்த டீ போட்டுக் கொடுத்தார். அப்பா டம்ளரோடு பின்வாசலுக்கு வந்தார். "டீ நல்லா மணமா இருக்கு ஆத்தா, நீ போட்டதா?" "இல்லப்பா, அத்தை போட்டாங்க." "அதென்ன விறகுக்குள்ள உக்காந்திருக்க, அடைகாக்கிற கோழியாட்டம்?" நான் கொக்கொக்கொக் என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். அவருக்குப் புரிந்துவிட்டது. நீயும் கொஞ்சம் குடி ஆத்தா என்று பாதி டம்ளரைத் தரையில் வைத்தார். வைத்துவிட்டு இரண்டு எட்டுப் பின்னால் போய் நின்றார். நான் எடுத்துக்கொள்வதற்காக. என் அப்பா. சம்பந்தி வீட்டு முறைக்கு மரியாதை. அந்த இரண்டு எட்டு. டீ ஆறிப் போயிருந்தது, எலுமிச்சை வாசம் மட்டும் இருந்தது, குடித்தேன், நல்லா இருக்குப்பா என்றேன். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று கிளம்பிவிட்டார். அப்புறம் அத்தை வந்து தொட்டியைத்தான் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. செடிப் பக்கம் சாயாத, உங்கப்பா வந்த சந்தோசத்துல காலக் கைய நீட்டிறாத என்றார். நீட்ட மாட்டேன் அத்தை என்றேன். சிரித்துக்கொண்டே. நாலாம் நாள் தலைக்கு ஊற்றி அடுப்படிக்குள் வந்தேன், சோறு வைத்தேன், வடித்தேன். ஆவி பறந்ததா? பறந்திருக்கும். பறந்ததா என்று நீ பார்த்தாயா ஜெயக்கொடி? பார்த்தேன். முகத்தில் அடித்தது. மூக்கில் முதலில் கஞ்சி வாசம், அப்புறம் எலுமிச்சை வாசம், ஒரு தோட்டம் முழுக்கக் கசக்கின மாதிரி, அப்படி ஒரு வாசம் அதற்கு முன்னும் இல்லை பின்னும் இல்லை. குண்டானில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதையும் ஊற்றினேன்.

மறதி என்று இனி எப்படிச் சொல்ல.

நான் நினைத்தது என்ன என்றால், நினைத்ததாக நினைப்பது என்ன என்றால், செடி செத்தால் அத்தை அழட்டும். அவ்வளவுதான் என் புத்தி எட்டினது. வெந்துபோன இலை இரண்டு நாளில் கறுத்துத் தண்டோடு படுத்துவிட்டது. அத்தை அழவில்லை. தொட்டி முன்னால் நின்று, எவ தொட்டா என்று கேட்டார். எப்படிப் பட்டுப்போச்சு என்று கேட்கவில்லை பாருங்கள், எவ தொட்டா. எனக்குக் கணக்கு சரி, மூன்று நாள் முடிந்துதான் வெளியே வந்திருக்கிறேன், சாய்ப்பு சாட்சி. வாயைத் திறக்கப் போனேன், சத்தியமாகத் திறக்கப் போனேன், அதற்குள் முருகேஸ்வரி வந்துவிட்டாள், காலேஜ் பையைத் தோளிலிருந்து இறக்காமல். "நான்தாம்மா. முந்தாநாளு வயித்துவலி தாங்கல, டீ போட ரெண்டு இலை கிள்ளுனேன். உங்கிட்டச் சொன்னா உக்காரச் சொல்லுவ, பரீட்சை இருந்துச்சு, அதான் சொல்லல." பத்தொன்பது வயசு. கணக்குப் பாடத்தில் இரண்டாம் வருசம், காலை ஏழு மணி பஸ்ஸில் கீழே இறங்கி சாயந்திரம் ஏறி வருவாள், எனக்குத் தெரியாத எண்களை எல்லாம் என் பிள்ளைக்குத் தாலாட்டாகப் பாடுவாள். அவளுக்கே நம்பிக்கை, தான்தான் கருக்கிவிட்டோம் என்று. அப்பா செடி, அப்பா செடி என்று தொட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். என் இடுப்பில் பிள்ளை. என் கையில் துடைப்பமோ கரண்டியோ. அப்போது சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. கஞ்சி என்று சொன்னால் போதும். பயமா? அத்தை அடிக்கிறவர் இல்லை. உங்கப்பன் வீட்டுக்குப் போ என்று சொல்லியிருப்பார், போயிருப்பேன், பத்து நாளில் என் வீட்டுக்காரர் ஜீப்பில் வந்து கூட்டிக்கொண்டு வந்திருப்பார். அதற்குத்தான் பயந்தேனா? இல்லை, சிரிச்ச மூஞ்சி போய்விடும் என்று பயந்தேன். எனக்கு இருந்தது அது ஒன்றுதான்.

தீட்டை மறைச்சு அடுப்படிக்கு வந்தவ நாளைக்கு எதை எதை மறைப்பாளோ என்றார் அத்தை. அடுத்த வாரம் பஸ் பாஸை வாங்கி அரிசிப் பானைக்குள் போட்டார். புரட்டாசியில் செடி, மாசியில் கல்யாணம். மாப்பிள்ளை தூரத்துச் சொந்தம், கோழிப்பண்ணை. நல்ல மனுசன்தான், அடிக்க மாட்டார், பேசவும் மாட்டார், பத்தாயிரம் கோழிக்கு நடுவில் இவள் ஒருத்தி. இன்னும் இருக்கிறது, அதையும் நினைத்துவிடு, நினைத்துத் தொலை. செடி பட்டு இருபதாம் நாள், துவைகல்லுக்கு அடியில், தண்ணீர் போகிற வாய்க்கால் ஓரம், ஒரு துளிர் எட்டிப் பார்த்தது. தொட்டி வெடிப்பு வழியாக வேர் எப்போதோ வெளியே ஓடியிருக்கிறது, சூடு அதுவரை போகவில்லை. இரண்டே இலை, சிவப்பு ஓரம். நான் என்ன செய்திருக்க வேண்டும்? அத்தை, உங்க செடி சாகல என்று கத்தியிருக்க வேண்டும். நான் சுற்றிலும் பார்த்தேன். கிள்ளினேன். கையில் எலுமிச்சை வாசம், சோப்புப் போட்டுக் கழுவினேன். செடி உயிரோடு இருந்தால், தீட்டுப் பட்டது எப்படி உயிரோடு வந்தது என்று கேள்வி வரும், கேள்வி சுற்றிச் சுற்றிக் கஞ்சிக் குண்டானில் வந்து நிற்கும். ஒவ்வொரு வாரமும் துளிர்த்தது, ஒவ்வொரு வாரமும் கிள்ளினேன். மொட்டைக் கிள்ளு, நுனியைக் கிள்ளு என்று மாமா சொல்லித்தந்த அதே விரல். முகூர்த்தக்கால் ஊன்றின அன்றைக்கும் ஒன்று. கிள்ளக் கிள்ளக் கூடத்தான் வந்தது, அதன் குணம் அப்படி. மாசி முடிந்து அவளை அனுப்பிவிட்டு வந்தபிறகுதான் விட்டேன். அத்தை பங்குனியில் பார்த்தார். கைகூப்பினார், பெயர்த்துத் தொட்டியிலேயே திரும்ப வைத்தார். பாத்தியாடி, அவ போனதும் உங்க மாமா துளிர்த்துட்டாரு என்றார்.

ஆமா அத்தை என்றேன்.

இந்த ஆமாவை நான் என்ன செய்வது. எட்டு வருசத்தில் ஒவ்வொரு தடவை வரும்போதும் முருகேஸ்வரி ஒரு தண்டு கேட்பாள், நீங்க எடுத்துத் தாங்க மதினி, நான் தொடல என்று தள்ளி நின்று. ஈரத்துணியில் சுற்றித் தருவேன், டம்ளர் தண்ணீரில் வை, அஞ்சு நாளில் வேர் வரும், நிழலில் வை என்பேன். கீழே அந்த வெக்கையில், கோழிப்பண்ணைத் தகரத்துக்குப் பக்கத்தில், அது சித்திரையைத் தாண்டாது. வெயில் தாங்காதுடி, மலைச் செடி என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். "வெயில் இல்ல மதினி. என் கைக்கு ஆகாது. அதுக்குத் தெரியும்." முதல் பிள்ளை கலைந்தபோது ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா செடியைக் கருக்கின பாவம் மதினி, வயித்துல எப்படித் தங்கும்" என்றாள். நான் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். போடி லூசு என்றேன். நார் எல்லாம் எடுத்து, சுளை சுளையாகப் பிரித்து, அவள் வாயில் வைத்தேன். அவ்வளவு அக்கறை எனக்கு.

சோறு. தீய்ந்துவிடும். உள்ளே ஓடுகிறேன், கிண்ணம் காலியாகவே இருக்கிறது. பதம் பார்த்தால் சரியாக இருக்கிறது. டீத் தண்ணீர் கொதித்துப் பாதியாகச் சுண்டிவிட்டது, இன்னும் இரண்டு டம்ளர் ஊற்றுகிறேன். பானையைத் துணி போட்டுப் பிடித்துப் பின்வாசல் படிக்குக் கொண்டுவந்து, குண்டானில் கவிழ்த்துச் சாய்த்து வடிக்க வைக்கிறேன். சரசரவென்று இறங்குகிறது. ஆவி. இலக்கியா சாய்ப்பு ஓரம் நிற்கிறாள், இரண்டு காலையும் ஒட்டி வைத்துக்கொண்டு, கையில் அந்த ஓட்டை போட்ட பாட்டில், நிறையத் தண்ணீர். இன்னும் ஊற்றவில்லை. என் பதிலுக்காகக் காலையிலிருந்து தூக்கிக்கொண்டு திரிகிறாளா.

"பாப்பா, முருகேஸ்வரி அத்தைக்கு டீக்கு நாலு கொத்து கிள்ளு."

"நானா?"

"நீதான். நுனியாப் பார்த்துக் கிள்ளு."

"அப்ப தொடலாமாம்மா?"

பதில் சொல்வதற்குள் முருகேஸ்வரி பின்வாசலில் நிற்கிறாள், வாய் கொப்பளிக்க வந்திருக்கிறாள், சுவரைப் பிடித்துக்கொண்டு. பிள்ளையைப் பார்க்கிறாள், பிள்ளை நிற்கிற விதத்தைப் பார்க்கிறாள், என்னைப் பார்க்கிறாள். பெண்களுக்கு இதற்கெல்லாம் எவ்வளவு நேரம் வேண்டும்.

"எப்ப மதினி?"

"காலையில."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"இன்னும் சொல்லல."

அவ்வளவுதான், மசக்கைக்காரி என்று சொல்ல முடியாதபடி இறங்கி ஓடி வந்து தொட்டிக்கு மேல் நீண்ட என் மகளின் கையை எட்டிப் பிடித்துவிட்டாள். "தொடாதடி தங்கம். வேணாம். எங்க அப்பா செடிடி. நீ தொடாத." என் பக்கம் திரும்புகிறாள், கண்ணெல்லாம் தண்ணீர், வாந்தி எடுத்த தண்ணீரா வேறா தெரியவில்லை. "என்ன மதினி நீங்க, எல்லாம் தெரிஞ்ச நீங்களே தொடச் சொல்றீக? என் பொழப்பைப் பார்த்தும் பிள்ளையத் தொட விடுறீகளே. அவளாவது நல்லா இருக்க வேணாமா?"

சிரிப்பு வருகிறது எனக்கு. வந்து முகத்தில் நின்றுகொண்டு இறங்க மாட்டேன் என்கிறது. பானையை நிமிர்த்தி வைக்கிறேன். குண்டானைத் துணியோடு தூக்கி அவள் முன்னால் கொண்டுபோய் வைக்கிறேன்.

"முருகேசு, இதுக்கு மேல கைய வச்சுப் பாரு."

"எதுக்கு, சுடும்ல?"

"சுடும். இதைத்தான் ஊத்துனேன்."

"எதுல?"

"அதுல. அன்னைக்கு. நீ இலை கிள்ளுனதுக்கும் அதுக்கும் ஒண்ணுமே இல்ல. நான்தான். ஆவி பறந்துச்சு, பாத்துட்டுத்தான் ஊத்துனேன்." நிற்கவில்லை, வாய் திறந்தபிறகு அது தானாகப் போகிறது. "அப்புறம் துளிர்த்துச்சு. வாய்க்காலோரம். வாரா வாரம் துளிர்த்துச்சு. உன் கல்யாணம் முடியற வரைக்கும் நான் கிள்ளிக் கிள்ளிப் போட்டேன்."

அவள் குண்டானைப் பார்க்கிறாள். வாய்க்காலோரம் பார்க்கிறாள், தொட்டியைப் பார்க்கிறாள். வயிற்றில் ஒரு கை தானாகப் போய் உட்கார்ந்துகொள்கிறது. கணக்குப் போடுகிற முகம் எனக்குத் தெரியும், முன்னெல்லாம் அடுப்படி வாசலில் நோட்டோடு உட்கார்ந்து உதட்டை அசைத்துக்கொண்டே போடுவாள், அந்த உதடு இப்போது அசைகிறது. என்னத்தைக் கூட்டுகிறாள். எங்கிருந்து எதைக் கழிக்கிறாள். அவள் என்னை அடிக்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருக்கிறது, ஒரு அறை, எல்லாம் சரியாகிவிடும், அழுதுகொண்டே டீ போட்டுவிடுவேன், இரண்டு பேரும் குடிப்போம். எவ்வளவு லேசாக நினைக்கிறேன் பாருங்கள், சொன்ன மறு நிமிசமே மன்னிப்புக்குக் கை நீட்டுகிறேன். அவள் அடிக்கவில்லை. என் மகளின் கையைப் பிடித்திருந்த விரலை ஒவ்வொன்றாக எடுக்கிறாள். குனிகிறாள். எட்டு வருசத்தில் முதல் தடவையாக அவள் விரல் அந்தச் செடியில் படுகிறது, ஒரு கொத்து, இன்னொரு கொத்து. முகத்துக்குக் கொண்டுபோகவில்லை. இலக்கியாவின் உள்ளங்கையில் வைக்கிறாள். நீயும் கிள்ளுடி என்கிறாள். இலக்கியா என்னைப் பார்க்காமல் கிள்ளுகிறாள்.

"என்னங்கடி, டீ போடுறீகளா, தேயிலைத் தோட்டமே போடுறீகளா?" முன்னறையிலிருந்து அத்தை. "புள்ளத்தாச்சிய வச்சுக்கிட்டு பின்னால என்ன கதை?"

வர்றோம் அத்தை என்று என் வாய் சொல்கிறது, அதே குரலில், சிரிச்ச மூஞ்சிக் குரலில். முருகேஸ்வரி அதைக் கேட்கிறாள். அப்போதுதான் என்னை நேராகப் பார்க்கிறாள்.

"எங்கிட்டச் சொல்லிட்டீக, சரி. எனக்கு இனி என்ன மதினி இருக்கு அதுல." சேலை முந்தியால் வாயைத் துடைத்துக்கொள்கிறாள், பிள்ளையின் தோளைப் பிடித்துத் தனக்கு முன்னால் நிறுத்திக்கொள்கிறாள். "உள்ள வாங்க. எங்கம்மாகிட்டச் சொல்லுங்க. இந்தப் பிள்ளை நிக்க, நான் நிக்க, சிரிக்காம சொல்லுங்க மதினி."